முதுகு உரசிய இடம்

கேட் மூடினால்தான் எனக்குப் பிழைப்பு.
வெள்ளரிப் பிஞ்சை நாலாய் வகிர்ந்து
உப்பும் மிளகாய்த்தூளும் தடவி
மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாக நீட்டுவேன்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸுக்கு
இன்ஜின் மாற்றுகிற நாளில் நாற்பது நிமிஷம்.
ரெண்டு கூடை காலி.

நிற்பவர்கள் என் வாடிக்கை.
நிற்காதவர்களைச் சும்மா பார்க்கிறேன்.

குனிவதில்தான் எத்தனை விதம்.
சைக்கிளைச் சாய்த்துப் பெடல் தரையில் கீச்சிட
இழுத்துப் போகிறவர்,
கட்டைக்கு வணக்கம் வைப்பதுபோல் நுழைகிற வேட்டிக்காரர்,
டிபன் கேரியரை முதலில் அப்பால் வைத்துவிட்டு
முந்தானையை வாயில் கவ்விப் பின்னால் போகிற நர்சம்மா.
போன தையில் ஒரு மாப்பிள்ளை
மாலையை மட்டும் கழற்றித் தோழனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார்.
மாலை கசங்கக் கூடாதாம்.

சிவப்பு வெள்ளைப் பட்டையில்
இடப்பக்கம், இடுப்பு உயரத்தில்
அடியில் பெயின்ட் இல்லை.
ஊரின் முதுகு உரசி உரசி
இரும்பு தெரிகிறது.
வருஷா வருஷம் அடிக்கிறார்கள்.
அடுத்த பொங்கலுக்குள் போய்விடுகிறது.

கேட்காரர் தர்பங்கா பக்கத்து ஆள்.
பினோத் என்கிற பெயர் எங்கள் வாயில் வினோத்து.
அவருக்குத் தெரிந்த தமிழ் நாலு வார்த்தை:
நில்லு. வண்டி. வருது. வேணாம்.
இந்த இடத்துக்கு இதற்குமேல் தமிழ் எதற்கு?
நம் ஆட்கள் பதிலுக்கு
ஒரு முழு மொழியைச் செலவழிக்கிறார்கள்.
"இப்பத்தான் கொரடாச்சேரி தாண்டியிருக்கும்."
"ஒரே ஒரு எட்டுதானே."
"நான் பாக்காத ரயிலா?"

டீசல் ஓடிய காலத்தில்
சத்தம் முன்னால் வரும்,
வண்டி பின்னால் வரும்.
இப்போது மேலே கம்பி.
அறுத்த வயலில் கொக்கு இறங்குவதுபோல் வருகிறது,
வந்துவிட்ட பிறகு கேட்கிறது.
காது மட்டும் இன்னும் டீசலிலேயே இருக்கிறது.

என்னையும் சொல்ல வேண்டும்.
இந்தப் பக்கம் பஸ் என்றால்
அந்தப் பக்கம் வேன், கார், நாகூர் போகிற கூட்டம்.
ஒரு தடவை கேட் மூடினால் நாலு தடவை குனிவேன்,
கூடை இடுப்பில்.
எண்ணிப் பார்த்தது
மாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

கூட்ஸின் கடைசிப் பெட்டி தாண்டியதும்
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்தது.
கட்டை ஏறவில்லை.
ஏன் ஏறவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஹார்ன் கேட்டது.
போகிற கூட்ஸ்தான் அடிக்கிறது என்றிருந்தோம்.
வினோத்து கேபினிலிருந்து ஓடி வந்தார்.
நாலு வார்த்தையும் ஒன்றோடொன்று சிக்கி
அவர் ஊர்ச் சொல் ஏதோ ஒன்றாக வெளியே வந்தது.
எனக்கு அது புரிந்தது.
கால் நின்றது.
முன்னால் போன பையனின் புத்தகப்பையை
இழுத்தது என் கையா, அவர் கையா,

காற்றுதான் முதலில்.
அப்புறம் பெட்டி பெட்டியாக நிழல்.

ரெண்டாவது தண்டவாளத்தின்மேல்
என் வெள்ளரி நறுக்கிக் கிடந்தது,
நான் நறுக்குவதைவிட ஒழுங்காக.
பையன் அழவில்லை.
"என் செருப்பு" என்றான்.
கட்டை ஏறியது.
வழியை விடச் சொல்லி
பஸ் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தது.

வினோத்து தண்ணீர் குடித்தார்,
பாதி சட்டையில்.
கூடையில் மிஞ்சிய ஒரு பிஞ்சை நீட்டினேன்.
"வேணாம்" என்றார்.

மறுநாள் இந்தப் பக்கமே நின்றேன்.
அதற்கு மறுநாளும்.
வியாபாரம் பாதி.
நாலாம் நாள் அந்தப் பக்கத்து வேனிலிருந்து
ஒரு குழந்தை கையை நீட்டிக் கூப்பிட்டது.
பத்து ரூபாய்த் தாள் காற்றில் ஆடியது.

முதுகு உரசிய அந்த இடம்
என் உயரத்துக்குச் சரியாகத்தான் இருக்கிறது.
கையை வைத்துப் பார்த்தேன்.
வெயிலில் சுட்டது.
எடுக்கவில்லை இன்னும்.