நானூற்றுப் பன்னிரண்டு

எங்கள் பள்ளிக்கு வந்த ஐந்தாவது ஆள் லீசா.
முதலாமவர் கொசுவலை கொடுத்தார்.
இரண்டாமவருக்குக் கொசு ஒத்துக்கொள்ளவில்லை.
மற்ற இருவரும் படகேறும்போது அழுதார்கள்.

எழுதுவது கிரிபதி, சொல்வது கிரிபாஸ்.
அது அவள் நாக்கில் உட்கார மூன்று வாரம்.
எஸ்டோனியாவில் அவளும் தீவுக்காரிதானாம்,
குளிர்காலத்தில் கடல் கெட்டியாகி
அதன்மேல் கார் ஓட்டிப் போவார்களாம்.
நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டினோம்.

காலையில் பின்னக் கணக்கு.
ஒரு கேக்கை நான்காக வெட்டினால், என்று தொடங்குவாள்.
நாங்கள் சூரை மீனை வெட்டினோம்.
தலை யாருக்கு என்ற சண்டையில்
கால் அரையாகிவிடும்.

மாலையில் கண்டல் நடவு.
விரல் தடிமனில் பச்சை முளைகள்.
நீர் வற்றிய கழியோரம்
முழத்துக்கு ஒன்றாக ஊன்றினோம்.
நானூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றின் கழுத்திலும்
எண் எழுதிய நீல நாடா.

பௌர்ணமி ஓதம் ஏறிவந்து
எழுபதை வாரிக்கொண்டு போனது.
லீசா கரையில் குந்தி
நோட்டில் கோடு கோடாக அடித்தாள்.
அவள் மூக்கு சிவந்ததை
மயேரே பார்த்துவிட்டாள்.

அன்றிரவே தோணியை எடுத்தோம்.
அக்கரைத் திட்டில் உதிர்ந்த முளைகள் கிடைக்கும்.
நண்டு வளையில் சில நாடாக்கள் அகப்பட்டன,
மிச்சத்துக்குச் சீருடையின் ஓரம்.
தொக்கானிகாய் எண் எழுதினான்,
ஏழின் இடுப்பில் அவளைப் போலவே குறுக்குக்கோடு இழுத்து.

சனிக்கிழமை எண்ணினாள்.
திரும்ப எண்ணினாள்.
அறிக்கை போயிற்று: நூறு சதவீதம்.
அடுத்த கப்பலில் பதில்,
இன்னும் ஆயிரம் நாற்றுக்குப் பணம்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டு நூற்றுப் பத்தொன்பது இருந்ததுதான் தப்பு.
ஒன்று பிளாஸ்டிக், ஒன்று துணி.

மறுநாள் பலகையில் எழுதினாள்:
நானூற்றுப் பன்னிரண்டில் எழுபது போனால்?
வகுப்பு தரையைப் பார்த்தது.
தொக்கானிகாய் மட்டும் எழுந்து
"நானூற்றுப் பன்னிரண்டு" என்றான்.
சரி என்று சொல்லவில்லை.
தப்பென்றும் போடவில்லை.
அவனுடைய கிழிந்த சட்டை விளிம்பையே
மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஓதத்துக்குப் பிறகு,
விடியாத நேரத்தில் நாங்கள் போனபோது
தோணியைக் காணோம்.
கழியில் ஒரு டார்ச் வெளிச்சம்.
முழங்கால் சேற்றில் லீசா,
கக்கத்தில் ஒரு கட்டு முளைகள்.
நோட்டைக் கொண்டுவரவில்லை.
"எந்தப் பக்கம் விட்டுப்போச்சு?" என்றாள்,
எங்கள் மொழியில்,
பாதித் தப்பாக.