சுமார்

கண்ணாடி அளவி உடைந்து எட்டு மாதம்.
புதிது கேட்டு எழுதிய கடிதம்
எந்த மேசையில் எதற்கு அடியில் கிடக்கிறதோ.
அதுவரை என் மகளின் ஊதா அளவுகோல்தான்,
சீலநாயக்கன்பட்டி முக்கில் பத்து ரூபாய்க்கு வாங்கியது.

தாழ்ந்த லென்ஸின் கீழ் வைத்தால்
மில்லிமீட்டர் கோடு ஒவ்வொன்றும்
பொக்லைன் தோண்டிப் போட்ட வாய்க்கால்.
கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.
வட்டத்துக்குள் நான்கு இடைவெளி, அப்புறம் ஒரு அரை.
அந்த அரை என் பொறுப்பு.
நாலரை என்று வைத்துக்கொள்கிறேன்.

பத்து மடங்கு உயர்த்தினால்
வட்டம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்.
பெரிதாகப் பார்க்கப் பார்க்க
பார்க்கிற இடம் சிறுத்துக்கொண்டே போகும்;
வேலைக்குச் சேர்ந்த அன்று நான் இதை நம்பவில்லை.
நானூற்றைம்பது மைக்ரான்.
அதன் குறுக்கே மாவுமணிகளை அடுக்க வேண்டும்.
வரிசையில் நின்று பழக்கமில்லை அவற்றுக்கு.
ஒன்றை மட்டும் பிடித்து, மனதுக்குள்ளேயே
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப்
புரட்டிப் புரட்டி வைக்கிறேன்.
முப்பது. இன்னொரு தரம் இருபத்தெட்டு.
மணி ஒன்றுக்குப் பதினைந்து, ஏறக்குறைய.
ஏறவும் செய்யும். குறையவும் செய்யும்.

ஒருமுறை என் இமைமுடி உள்ளே விழுந்தது.
தென்னை சாய்ந்த மாதிரி.
திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டு
பிறகு, விடுவானேன் என்று எண்ணினேன்:
ஐந்து மணி அகலம்.

"பொண்ணு சுமார்தான்" என்று
ஆத்தூரிலிருந்து வந்தவர்கள்
காபியைக் குடித்துவிட்டு, வண்டி ஏறும்போது சொன்னார்கள்.
அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.
எதைக் குறுக்கே அடுக்கி எண்ணினார்கள்?

பதினேழாம் எண் மாதிரி.
லாரி வெளியே நிற்கிறது.
மில் மேனேஜர் செங்கோடன் கதவருகில்,
புருவமெல்லாம் வெள்ளை மாவு, கையில் செல்போன்.
ஒரு சொட்டு அயோடின். நீலம் ஏறியது.
முப்பது. பதினைந்து. சரியாகத்தான் இருக்கிறது.
தலையை எடுக்கப் போனவள் நின்றேன்.
இடப்பக்கம் ஒரு மணிக்கு மூலை இருந்தது.
கிழங்கு மாவு உருண்டை;
மிஞ்சினால் அடி வெட்டுப்பட்ட பானை.
இது ஜல்லி.
பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஏழு.
அவற்றையும் அளந்தேன், அவையும் பதினைந்துதான்.
அளவு காட்டிக்கொடுக்கவில்லை.

"சுமாரா எவ்ளோ இருக்கும் மேடம்?"
"எது?"
"கலப்படம்."
நான் அதுவரை
அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.
அவருக்கும் அது உறைத்தது.
செல்போனைப் பார்க்கத் தொடங்கினார், அணைந்திருந்த திரையை.

ஜன்னலில் சேர்வராயன் மலை
இரண்டு கம்பிகளுக்கு நடுவே அடங்கியிருந்தது.
தூரம் தெரிந்தால் அதையும் கணக்குப் போட்டுவிடலாம்.

பதிவேட்டில் எழுதினேன்,
அளவு: சுமார் 15 மைக்ரான்.
அடுத்த கட்டத்தில், மக்காச்சோளம்.
அதற்கு முன்னால் எந்தச் சொல்லும் போடவில்லை.
லாரி கிளம்பும் சத்தம் கேட்க
நெடுநேரம் ஆனது.

ராத்திரி மகள் அளவுகோலைத்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
நாளைக்குக் கணக்குப் பரீட்சை.
"ஏழு எங்கம்மா?"
அயோடின் கறையைத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.
ஆறு இருக்குல்ல, எட்டு இருக்குல்ல,
எண்ணிக்கோ.