பொதிக் கணக்கு

மார்ச் மாதக் கணக்கு எழுதுகிறேன்.
ஒன்பது மாடி, ஐம்பத்திரண்டு வீடு.
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
கடைசிக்கு முதல் கட்டடம்.
லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் டீசல்:
பெயருள்ள செலவுகள், தமக்குரிய நிரலில் உட்கார்ந்துவிட்டன.
பெயரில்லாத ஒன்று
வாசல் மேசைக்குக் கீழே குவிந்து கிடக்கிறது.

முதலில் நாளுக்கு நாலு பொதி வந்தது.
சன்னாசி தன் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.
பிறகு பதினைந்து. நோன்புப் பெருநாளுக்கு முதல் கிழமை
அறுபத்தொன்று.
கதிரை வெளியே போனது,
மழை தொடங்கியதும் சன்னாசியும் வெளியே.
பொதிகள் நனையவில்லை.

மொட்டை மாடியில் கூட்டம் வைத்தோம்.
நிகழ்ச்சி நிரல் காற்றில் பறந்து
அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஒட்டிக்கொண்டது.
இரும்பு அலுமாரி ஒன்று, இலட்சத்து எண்பத்தையாயிரம்.
பின்னேரத்துக்கு இன்னொரு ஆள், மாதம் அறுபத்தையாயிரம்.
பிரித்தால் வீட்டுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது.
"நான் ஒரு குண்டூசிகூட ஓடர் பண்ணுவதில்லை,
நான் ஏன் கட்ட வேணும்?"
ஐந்தாம் மாடி நவரட்ணராஜா எழுந்து நின்று கேட்டார்.
அவருடைய ஃபோன் அடித்தது.
கீழே பொதி, மகளின் பெயருக்கு.
கதிரைகள்கூடச் சிரித்தன.

"பொதிக்கு இருபது ரூபா, எடுப்பவர் கட்டட்டும்,"
என்றார் ஷிஃபானா.
யார் எண்ணுவது?
சன்னாசி எண்ணுவார்.
யார் காசு சேர்ப்பது?
சன்னாசி.
ஒன்று காணாமல் போனால்?
அதற்கும் அவர் பெயரே வந்தது,
இம்முறை கொஞ்சம் மெதுவாக.
தீர்மானம்: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

எண்ணிப் பார்க்க
அவருடைய சீஆர் கொப்பியை வாங்கி வந்தேன்.
நீலப் பேனையில் திகதி, வீட்டிலக்கம்,
லிஃப்டுக்குள் ஓடியபடி வைத்த கையெழுத்துகள்.
பின்னட்டைக்கு முந்திய பக்கத்தில்
சிவப்புப் பேனை.
ஆறு-சீ, 2,350.
இரண்டு-ஏ, 890.
எட்டு-டீ, 4,100, பாதி தந்தாங்க.

"என்ன இது சன்னாசி?"

"காசு குடுத்து எடுக்கிற பார்சலுங்கம்மா.
மேல ஆள் இருக்க மாட்டாங்க.
அந்தப் பையன் நிக்க மாட்டான்,
அவனுக்கு இன்னும் முப்பது வீடு.
திருப்பிக் கொண்டுபோனா அவனுக்குத்தான் வெட்டு.
அதான் நான் குடுத்துர்றது."

அவர் சம்பளம் எனக்குத் தெரியும்,
காசோலையை எழுதுவது நான்.
சிவப்பைக் கூட்டினேன்:
பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது.
எத்தனை நாள் மஸ்கெலியாவுக்குக் காசு பிந்தியது என்று
எந்த நிரலிலும் இல்லை.

மூன்று-பீ, 1,480. பெப்ரவரி பதினொன்று.

மூன்று-பீ என் வீடு.
அது ஒரு மா அரிதட்டு.
நேற்றும் அதால் அரித்து
இடியப்பம் அவித்தேன்.

கணக்காளர் நான். இருபத்தாறு வருடம்
பிறர் புத்தகங்களில் சிவப்பைத் தேடிப் பிழைத்தவள்.

காசோடு கீழே இறங்கினேன்.
கேற்றடியில் மோட்டார் சைக்கிள் இயந்திரம் நிற்கவில்லை.
ஹெல்மெட் கழற்றாத பொடியன்
ஒப்படைத்ததற்குச் சாட்சியாகப் படம் எடுக்கிறான்:
பொதியும் அதைப் பிடித்திருக்கும் கையும்.
முகம் விழுந்துவிட்டதென்று
இன்னொரு தரம் எடுக்கிறான்.

சன்னாசி ஆயிரத்து ஐந்நூறை வாங்கி
சட்டைப் பையில் இருபது ரூபா தேடினார்.
"இருக்கட்டும்" என்றேன்.
இருக்கட்டும் என்ற சொல்
எவ்வளவு மலிவு என்று அப்போதுதான் கேட்டது.
அவர் தேடிக்கொண்டே இருந்தார்.
கிடைத்தது, நாலாக மடித்த தாள்.
சிவப்பு வரியை வெட்டினார்,
பேனையை என்னிடம் நீட்டினார்.

மேலே வந்து புதிய தலைப்பு ஒன்று போட்டேன்.
சென்மதிகள்.
முதல் வரி: சன்னாசி, வாசல்.
தொகை எழுதுமுன்
கீழிருந்து இன்டர்கொம்:
"அம்மா, ஏழு-ஏ வீட்ல யாரும் இருக்காங்களா?"