நாலங்குலம்

போன குளிர்காலத்து மின்கட்டண ரசீது
பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழ் தொங்குகிறது.
மார்ச்சிலிருந்து
பால் எடுக்கப் போனாலும்
அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

உர்மாஸ் கடலுக்கு அக்கரையில், துர்க்குவில்,
ஊரார் வீடுகளுக்குச் சுவர் எழுப்புகிறான்.
நம் வீட்டை "வந்து பார்க்கிறேன்" என்பான்.
மூன்று குளிர்காலமாக வந்து பார்க்கிறான்.

அக்டோபரின் முதல் சனிக்கிழமை
மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.
சுடர் எங்கே தலை சாய்க்கிறதோ
அங்கே சாக்பீஸால் ஒரு கோடு.
ஜன்னலுக்கு ஜன்னல் சாய்ந்தது,
சுவரும் தரையும் சேருமிடத்தில் குனிந்தது,
பிளக் பாயின்ட் முன்னால் அணைந்தே போனது.
மாலைக்குள் வீடெங்கும் வெள்ளைக் கோடுகள்.
பள்ளியிலிருந்து தோழி வீடு போய் வந்த தூலி
வாசலிலேயே நின்று கேட்டாள்:
"அம்மா, இங்கே யாரைக் கொன்றார்கள்?"

எங்கள் மொழியில் அவள் பெயருக்குக் காற்று என்று பொருள்.
கதவைச் சாத்தாமல் உள்ளே ஓடினாள்.

மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தேன்.
காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்து
ஜன்னல் சட்டங்களின் வாயை மூடினேன்.
இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பஞ்சு,
பஞ்சின் மேல்
தெருமுனை மரத்துச் சிவப்புப் பழங்கள் ஒரு பிடி,
அழகுக்குத்தான், வேறெதற்குமில்லை.
கீழறைக் குழாய்க்கு உர்மாஸின் கிழிந்த கம்பளிக் கால்சட்டையைச் சுற்றினேன்.
ஒரு கால் மிச்சமிருந்தது, கதவடிக்கு ஆயிற்று.

நுரைக் குப்பியில் எழுதியிருந்தது: கையுறை கட்டாயம்.
கடைசியில்தான் படித்தேன்.
நாலு நாள் விரல்களில் மஞ்சள் தோல்.
அஞ்சலகத்தில் பார்சல் வாங்க வந்தவர்கள்
என் கையைப் பார்த்துவிட்டு
தங்கள் பேனாவிலேயே கையெழுத்திட்டார்கள்.

பரணுக்குப் பதினான்கு மூட்டை,
பழைய செய்தித்தாளை அரைத்த சாம்பல் பஞ்சு.
முழங்காலில் ஊர்ந்து கொட்டினேன்.
அரைபடாத ஒரு துணுக்கில்
"விலை உயர்" என்று மட்டும் இருந்தது.
அதையும் மூலையில் திணித்தேன்.

நவம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
மெழுகுவத்தியை மறுபடி எடுத்துப் போனேன்.
சுடர் ஊசி போல நிமிர்ந்து நின்றது.
ஒவ்வொரு கோட்டின் முன்னாலும்.
தனியாக நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அன்றிரவு இரண்டரைக்கு
கூரையில் இருந்த கருவி அலறியது.
விறகடுப்பு புகையைத் திருப்பி அறைக்குள்ளேயே விட்டிருந்தது.
ஜன்னலைத் திறக்கப் போனேன்.
என் பசை, என் காகிதம்.
அசையவில்லை.
தூலியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு
வாசற்கதவை விரியத் திறந்துபோட்டு ஓடினேன்.
வெளியே முதல் பனி.
அவள் நாக்கை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் இருவர்.
காலெவ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தவர்
அளவு கருவியோடு உள்ளே போய், வெகுநேரம் கழித்து வந்து,
"நல்ல வேலை" என்றார்.
பிறகு, "கொஞ்சம் அதிகமாக நல்ல வேலை."

போனில் உர்மாஸ் முதலில் தூலியைக் கேட்டான்.
பிறகு மெதுவாக,
"அடுப்புக்குக் காற்று வர
எங்கேயாவது வழி விட்டாயா?"
இதை அவன் மூன்று வாரம் முன்பே கேட்டிருக்கலாம்.
மூன்று வாரமாக நான்
"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றுதான் போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தான்.
அடுப்புக்குப் பக்கத்தில்,
நான் மிக அழகாகப் பூசியிருந்த சுவரில்,
நாலங்குலத்துக்கு ஒரு துளை.
துரப்பணத்தை நான் பிடித்தேன்.
தூசியை அவன் வாளியில் ஏந்தினான்.
குளிர் உள்ளே வந்து கணுக்காலைத் தொட்டது.
தீ ஒரு பெருமூச்சு விட்டுப் பிடித்துக்கொண்டது.

மிச்சமிருந்த சாக்பீஸால்
தூலி துளையைச் சுற்றி வட்டம் போட்டாள்.
இதை யாரும் அடைக்கக் கூடாதாம்.

ரசீது பிரிட்ஜில்தான் இருக்கிறது.
டிசம்பர் ரசீது வரட்டும்.