பொழியூரில் ஒரு சைலன்சர்

கொச்சியிலிருந்து பார்சல் வந்தது,
நீரோடியிலிருந்து நான்.
செக்போஸ்டில் ஸ்பேனர் பையை
ஒரு தடவை கிலுக்கிப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

பழைய குழாய் மூன்று போல்ட்டுக்கு மசிந்தது.
நாலாவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு
ஆளுக்கொரு சாயா குடித்தோம்.
படத்தில் இடப்பக்கம் வளைந்த எல்போ
கையில் வலப்பக்கம் வளைந்திருந்தது.
‘சரியாக்கு அடிமை’ என்றார்
போட்டுக்காரர் சுகதன்,
நான் ஊதினால் வளைந்துவிடும் என்பதுபோல.

அறுத்தேன். வெல்டிங் வைத்தேன்.
கேஸ்கெட், கிளாம்ப்,
கடைசியாகத் தண்ணீர் ஹோஸ்.
சாவி திருப்பியதும்
பிள்ளை வாய் கொப்பளிப்பதுபோல்
பின்னால் துப்பியது. அவ்வளவுதான் சத்தம்.

சவாரி வருகிறவர்கள் இனி
கத்திப் பேசவேண்டாம் என்று சிரித்தார் சுகதன்.
தாழை ஓரமாக ஒரு சுற்று போனோம்.
கம்பில் சிறகுலர்த்திய நீர்க்காகம்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வரும் வழியில்தான் கேட்டது,
அடியில், தண்டில்,
டக்
டக்
எத்தனை மாதமாகவோ
தட்டிக்கொண்டிருந்த பேரிங்.

அவருக்கும் கேட்டிருக்கும்.
கடல் பொழியை உடைக்கிற இடத்தையே
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கரை வரும்வரை
கூலிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.