மாசிக்குப் பிறகு

வாயால் வராதென்று
துண்டில் எழுதிக்கொண்டு போனேன்:
பெப்ரவரிக்குப் பிறகு இல்லை.
நாடியில் மயிர். நிறை பதினொரு கிலோ கூட.
கல்லடிப் பாலம் தாண்டுமுன்
கைவியர்வையில் மை ஊறி
பெப்ரவரி மட்டும் மிச்சம்.

போன வருசம் பாமசியில்
தங்கச்சிக்கு என்று கேட்டேன்.
எனக்குத் தங்கச்சி இல்லை.
அந்தப் பொடியனுக்கும் தெரியும்.

டொக்டர் ஆண்.
நான் படிப்பிக்கும் பிள்ளை ஒன்றின் அதே மூக்கு.
"கடைசியா எப்ப மகள்?"
"மாசி" என்றேன்.
தமிழ் மாதம் சொன்னால்
வெட்கம் கொஞ்சம் குறையுமென்று நினைத்தேனோ.
அவர் தலை தூக்காமல் எழுதினார்,
விலாசம் எழுதுவது போல.

ஸ்கேனுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்.
வயிற்றில் குளிர்ந்த பசை.
திரையில், ஈரமணலில் நண்டு துளைத்த மாதிரி
சின்னச் சின்ன இருட்டு.
அவ எண்ணினா. நானும் எண்ணி
பன்னிரண்டில் விட்டுவிட்டேன்.

"பிசிஓஎஸ். கனபேருக்கு இருக்கு."
கனபேர்.
வெளியே வாங்கில் இருந்தவர்களில் யார் யாரோ.

அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.
திரைச்சீலையை இழுத்து
முழு வரிசைக்கும் கேட்க
"டொய்லெட் எங்க?" என்றேன்.
அந்த ஆஸ்பத்திரியில்
நான் சத்தமாய்ச் சொன்ன முதல் வசனம்.