ஓர் இரவுக்கு எங்கள் எஞ்சின்

நான்காவது முறையாக விளம்பரம் எழுதுகிறேன்:
கூத்தாநல்லூர் வட்டியில்லாக் கடன் சங்கத்துக்கு
மேலாளர் தேவை.
ஷரீஅத் வணிகச் சட்டம், கணக்கியல்
இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.
‘இரண்டும்’ தடித்த எழுத்தில் வரட்டும் என்கிறார் செயலாளர்.
போன முறையும் தடித்த எழுத்துதான்.

முதலில் வந்தவர் அத்திக்கடை ஆலிம்.
கொடுக்கல் வாங்கல் பாடம் முழுவதையும்
மூச்சு வாங்காமல் ஒப்பித்தார்.
பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்றதும்
கிப்லா தெரியாத ஊரில் இறங்கியவர் போல
அறையைச் சுற்றிப் பார்த்தார்.
நல்ல மனிதர். பஸ் காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

கும்பகோணத்து ஆடிட்டர் காரில் வந்தார்.
டீ ஆறுவதற்குள் ஐந்து வருடப் பேரேட்டைப் புரட்டிவிட்டு
“லாபம்னு எழுதியிருக்கீங்க. வட்டிதானே இது,
தொப்பி போட்டிருக்கு” என்று சிரித்தார்.
வேறு யாரும் சிரிக்கவில்லை.
எனக்குச் சுருக்கென்றது,
அவர் தப்பாகச் சொன்னதால் அல்ல.
தாளில் விற்பனை, கையில் ரொக்கம்,
அதுதான் எங்கள் வழக்கம்.
தையல் எந்திரம் என்று எழுதுவோம், ஆடு என்று எழுதுவோம்.
எந்திரத்தையும் பார்த்ததில்லை, ஆட்டையும் பார்த்ததில்லை.

இரண்டும் தெரிந்த ஒருவன் வந்தான், பொய் சொல்லக் கூடாது.
முத்துப்பேட்டை மிஸ்பாஹுத்தீன், மலேசியாவில் படித்தவன்.
பதினெட்டாயிரம் தருகிறோம் என்றோம்.
பஹ்ரைன் வங்கி எவ்வளவு என்றது என்று
அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
மேட்டூரில் திறந்தது கடைமடைக்கு வராவிட்டால்
மேலே இருப்பவனைத் திட்டலாம்.
கடைமடையில் ஊறியது கடல் தாண்டிப் போனால்?

ஒன்பது வருடமாக எனக்குப் பெயர் தற்காலிக எழுத்தர்.
சந்தேகம் வந்தால் ராத்திரி அவனுக்குக் குரல்பதிவு அனுப்புவேன்.
அவன் பதிலில் லிஃப்ட் மணி கேட்கும்.

ஆடிக் கடைசியில் வடபாதிமங்கலம் கோவிந்தராசு வந்தார்.
வாய்க்காலில் தண்ணீர் கிடக்கிறது, வயலுக்கு ஏறவில்லை,
நாற்றங்கால் வெடித்துவிட்டது,
ஆயில் எஞ்சின் இருபத்தெட்டாயிரத்து ஐநூறு.
எண்ணி வைத்த பணத்தை ஏனோ நீட்டவில்லை.
பதிவு அனுப்பினேன். ஒரே கேள்வி திரும்பி வந்தது:
“லாத்தா, எஞ்சின் முதல்ல உங்க கைக்கு வந்துச்சா?”

செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே காசோலையில் கையெழுத்திட்டார்.
மறுநாள் திருவாரூரிலிருந்து டாட்டா ஏஸில் வந்து
என் மேசைக்கும் பீரோவுக்கும் நடுவே இறங்கியது,
நடக்க இடமில்லை, கிரீஸ் நெடி.
பேரேட்டில் ‘சரக்கு இருப்பு’ என்ற பக்கத்தை
முதல்முறையாகத் திறந்தேன்.
ஆயில் எஞ்சின், ஒன்று.

அன்று ராத்திரி காற்று.
அலுவலகப் பூட்டு பழசு.
திருடன் வந்தால் நட்டம் எங்களுக்கு,
ஓடு சரிந்து விழுந்தால் எங்களுக்கு.
கோவிந்தராசு தூங்கிக்கொண்டிருப்பார்,
இன்னும் ஒரு பைசா கடன் இல்லாமல்.
ரெண்டாயிரத்து எழுநூறு ரூபாய் லாபம் எதற்கு என்று
ஆடிட்டருக்குச் சொல்லாமல் விட்ட பதில்
மூன்று மணிக்கு, பாயில் புரளும்போது கிடைத்தது.
இதற்குத்தான்.
அவர் நம்பர் என்னிடம் இல்லை.

காலையில் வாங்கிய விலை, எங்கள் லாபம்,
தை அறுப்புக்குப் பிறகு கட்ட வேண்டிய தவணை
எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன்.
“நேத்தே ரொக்கமாக் குடுத்திருந்தா
ஒரு நாள் தண்ணி பாய்ஞ்சிருக்கும்” என்றார்.
நியாயம்தான். எனக்குப் பதில் வரவில்லை.
மிஸ்பாஹிடமும் அதை நான் இன்னும் கேட்கவில்லை.

எஞ்சின் போன இடத்தில் தட்டகலத்துக்கு எண்ணெய்க் கறை.
விளம்பரம் எழுதியாச்சா என்று செயலாளர் கேட்கிறார்.
‘தேவை’ வரைக்கும் வந்திருக்கிறேன் என்கிறேன்.
அவர் செருப்பு எண்ணெயில் வழுக்குகிறது.
மேசையைப் பிடித்துக்கொள்கிறார்.